பழைய டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் செய்ய ப்ராசஸர், ரேம், கூலர் மூன்றில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி சுருக்கமாக: 2011 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப், ஐ5-2400 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், ப்ராசஸரோடு பெட்டியில் வந்த அதே சின்ன ஃபேன். ஓவர்கிளாக் செய்து, அதாவது ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட ஆசை, காசை எதில் முதலில் போடுவது?

மூன்றையும் சொல்லிவிட்டு மதர்போர்டு என்னவென்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இதில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, மெயின்போர்டு பக்கத்தில் சவுத்பிரிட்ஜ் என்ற வரியைப் பாருங்கள், போர்டை நடத்தும் சிப்பின் பெயர் அங்கே இருக்கும். பி67, இசட்68, இசட்77 என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். எச்61, எச்67, பி75 என்று இருந்தால் ஓவர்கிளாக் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய கூலர் வாங்கினாலும் அந்த போர்டு வேகத்தை ஏற்ற விடாது.

ஏன் என்றால், ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவது: பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 31, ஆக 3.1 கிகாஹெர்ட்ஸ். இதற்கு முந்தைய இன்டெல் கோர் 2 ப்ராசஸர்கள் காலத்தில் முதல் எண்ணை ஏற்றித்தான் ஓவர்கிளாக் செய்வார்கள், நெட்டில் கிடக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் அதையே சொல்லும், அதை நம்பி இறங்காதீர்கள். உங்களுடையது போன்ற சாண்டி பிரிட்ஜ் தலைமுறை ப்ராசஸர்களில் அதே கிளாக்கை நம்பித்தான் டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவும் கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸும் ஓடுகின்றன, 105-ஐத் தாண்டினாலே டிஸ்க் தெரியாமல் போவது, சிஸ்டம் உறைந்து நிற்பது என்று ஆரம்பித்துவிடும். மிச்சமிருப்பது மல்டிப்ளையர் மட்டும்தான். அது முழுதாகத் திறந்திருப்பது பெயர் கே என்று முடிகிற ப்ராசஸர்களில், அதை மாற்ற விடுவது நான் மேலே சொன்ன போர்டுகள். ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு: இசட்68 மாதிரி போர்டில் உங்கள் ஐ5-2400-ஐயே டர்போவுக்கு (தேவைப்படும்போது ப்ராசஸர் தானாகவே ஏறும் வேகம்) மேல் நான்கு படி ஏற்றலாம், அதாவது ஒரு கோர் வேலை செய்யும்போது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை, எல்லாக் கோர்களும் ஓடினால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. போர்டு சரியாக இருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது இது.

கடையில் தனித்தனியாகக் கோத்த மெஷின் இல்லாமல் பெரிய பிராண்டின் ரெடிமேட் டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. பயாஸில், அதாவது மெஷின் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், மல்டிப்ளையரை மாற்றும் பக்கமே இருக்காது. சில மாடல்களில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கூட அவர்கள் சொந்த அளவில்தான் இருக்கும்.

சரி, எச்61 என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருத்தப்பட ஒன்றுமில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ7-2600, அல்லது போர்டின் சப்போர்ட் பட்டியலில் இருந்தால் ஐ7-3770 எடுத்துப் போடுங்கள். உங்கள் ஐ5-இல் நாலு கோர், நாலு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நாலு வேலை ஓடும். இவற்றில் எட்டு த்ரெட். இன்றைய மென்பொருள்களுக்கு அந்த வித்தியாசம், நாலு த்ரெட்டை இழுத்துப் பிடித்து ஓவர்கிளாக் செய்வதைவிடப் பெரியது என்பது என் அபிப்பிராயம். இன்டெல்லின் சர்வர் ப்ராசஸரான ஜியான் இ3-1230 வி2 இன்னொரு நல்ல வழி, கிட்டத்தட்ட 3770 மாதிரிதான், ஆனால் அதில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது.

பி67, இசட்68, இசட்77 போர்டு என்றால் ஐ7-2600கே அல்லது ஐ7-3770கே. ஐ5-2500கே பெயர் பெற்ற சிப்தான், ஆனால் இப்போது அதற்குத் தனியாகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை, மறுபடியும் அதே நாலு த்ரெட்டில்தான் வந்து நிற்பீர்கள். 2600கே-வா 3770கே-வா என்றால் ஒரே கிளாக்கில் 3770கே கொஞ்சம் வேகம், மின்சாரமும் குறைவு. ஆனால் 2012-இல் 3770கே-வின் தலைமுறையான ஐவி பிரிட்ஜ் வந்தபோது இன்டெல் சிப்புக்கும் மேலிருக்கும் உலோக மூடிக்கும் நடுவில் சால்டருக்குப் பதில் பேஸ்ட் வைத்தது, அதனால் வோல்டேஜ் ஏற ஏற இது 2600கே-வைவிடச் சீக்கிரம் சூடாகும். என்னிடம் இருப்பது 2600கே, 4.4-இல் ஓடுகிறது, ஒரு தொல்லையும் கிடையாது. 3770கே வாங்குவதாக இருந்தால் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அது தெரியாமல் மாற்றிவிட்டு, போர்டு செத்துப்போய்விட்டது என்று அலைபவர்கள் ஏராளம்.

 

இப்போது கூலர். செலவு செய்வதில் எனக்குத் தயக்கமே இல்லாத இடம் இதுதான். ப்ராசஸர் வெளியிடும் சூடு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.4-இல் 1.15 வோல்ட்டில் ஓடுகிற சிப்பை 4.4-க்கு ஏற்ற 1.30 வோல்ட் தேவைப்படுகிறது என்றால் வேகம் ஏறியது சுமார் 29 சதவீதம், சூடு ஏறியது சுமார் 65 சதவீதம். 95 வாட் என்று எழுதியிருந்த இடத்தில் 155-க்கு மேல் வந்து நிற்கும். பெட்டியில் வந்த அந்தச் சின்ன அலுமினிய ஹீட்சிங்க் இதற்கெல்லாம் ஆகாது, அதன் நாலு பிளாஸ்டிக் பின்களும் இத்தனை வருடத்தில் தளர்ந்திருக்கும். ஹீட் பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள சாதாரண டவர் கூலர் ஒன்று போதும், தண்ணீர் கூலர் வேண்டாம், அதிலும் செகண்ட் ஹேண்டில் வேண்டவே வேண்டாம், பம்ப் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் 1155 சாக்கெட்டின் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளி, 1150, 1151, 1200 சாக்கெட்டுகளுக்கும் அதே அளவுதான், அதனால் இப்போது வாங்கும் கூலர் அந்த சாக்கெட்டுகளில் எதற்கு மாறினாலும் பயன்படும். வாங்குமுன் கேபினட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், டவர் கூலர்கள் பல 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், பக்கக் கதவு மூடாமல் போய்விடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. பழைய ஃபேன் காற்றைக் கீழ்நோக்கி ஊதும், அந்தக் காற்று சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம் பகுதியையும், அதாவது ப்ராசஸருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பாகங்களையும் குளிர வைக்கும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் அது நின்றுபோகும். ப்ராசஸர் 65 டிகிரியில் ஜில்லென்று இருக்கும்போது விஆர்எம் வெந்துகொண்டிருக்கும், வேகம் திடீரென்று இறங்கும், காரணமே புரியாது. பின்பக்கம் காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன், முன்பக்கம் உள்ளே இழுக்க ஒரு ஃபேன், இது குறைந்தபட்சம். போர்டின் விஆர்எம் மேல் ஹீட்சிங்க் எதுவுமே இல்லையென்றால் 4 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயதான எஸ்எம்பிஎஸ் என்றால் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

ரேம் விஷயத்தில் பெரிதாக யோசிக்க வேண்டாம். மல்டிப்ளையரை ஏற்றும்போது ரேமின் வேகம் மாறாது, ஆகவே ஓவர்கிளாக் ரேம் என்று விலை கூட்டி விற்பதை வாங்காதீர்கள். டிடிஆர்3-1600, 1.5 வோல்ட், 8 ஜிபி இரண்டு, ஒரே ஜோடியாக. உங்கள் ஐ5-2400-க்கு இன்டெல் சொல்லும் கணக்கு 1333 தான், இந்த ரேம் தானாக அதற்கு இறங்கி ஓடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ரேம் வாங்கிவிடாதீர்கள், இந்த போர்டுகளில் ஓடாது. புது ரேமைப் போட்டதும், வேறெதையும் தொடும் முன், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு ஓட விடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு சிஸ்டம் தொங்கும்போது தப்பு ரேமிலா ஓவர்கிளாக்கிலா என்று தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கில்தான் இன்னும் விண்டோஸ் இருக்கிறதென்றால் இதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி. அப்புறம், இந்தத் தலைமுறை ப்ராசஸர் எதிலும் ஏவிஎக்ஸ்2 (சில மென்பொருள்கள் எதிர்பார்க்கும் ப்ராசஸர் கட்டளைத் தொகுதி) கிடையாது, இன்டெல்லில் அது 2013-இல் ஹாஸ்வெல் தலைமுறையோடுதான் வந்தது. அதைக் கட்டாயம் கேட்கும் கேம் 4.8-க்கு ஏற்றினாலும் திறக்காது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இவை இல்லை.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் ஏற்றும் முறை இதுதான். முதலில் எதையும் மாற்றாமல், ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், பல போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். கே ப்ராசஸரில் மல்டிப்ளையரை 40-இல் வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். நீலத் திரை வந்தால் வோல்டேஜைத் துளி கூட்டலாம், 1.35-க்கு மேல் தினசரி உபயோகத்துக்கு நான் போக மாட்டேன், முழுச் சுமையில் 80 டிகிரியைத் தாண்டினாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன். சோதனையில் தேறிவிட்டது என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம். ஒரு வாரம் வழக்கமான வேலைக்குப் பயன்படுத்திவிட்டு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஎச்இஏ (WHEA, வன்பொருள் பிழை) என்று ஏதாவது எச்சரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மல்டிப்ளையரில் ஒரு படி இறங்கிவிடுங்கள், வோல்டேஜைக் கூட்டாதீர்கள்.