பழைய பிக்அப் வண்டியில் பாடித் தகடுகளை வரிசைப்படுத்துதல்: கேள்வி-பதில்

கேள்வி: சேஸ் வேலை முடிந்தது. தகடுகளை முன்பக்க கிரில்லிலிருந்து மாட்டி வருவதா, கேபினிலிருந்தா?

கேபினிலிருந்துதான். முதலில் சேஸில் கேபின், பிறகு கேபினுக்குக் கதவு, கதவுக்கு மட்கார்டு, மட்கார்டுக்கு பானட், கடைசியில் கிரில். கேபின் உட்கார்ந்த பிறகு, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கதவு வாசல் வெல்டு செய்த சட்டம், அதை நகர்த்த முடியாது. மற்ற தகடுகளுக்கு நீள்துளையோ ஷிம்மோ (இடைவெளியைக் கூட்டக் குறைக்க நடுவே வைக்கும் மெல்லிய தகடு) உண்டு. நகராததை அளவாக வைத்துக்கொண்டு நகர்வதைப் பொருத்துங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்றி, வண்டியை அதன் சக்கரங்களில் சமதரையில் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும். சேஸின் நடுவில் ஸ்டாண்டு கொடுத்திருந்தால் சேஸ் லேசாக வளைந்திருக்கும். அந்த நிலையில் அழகாக வைத்த இடைவெளி, வண்டியைக் கீழே இறக்கியதும் மாறிப்போகும். ஸ்டாண்டு தவிர்க்க முடியாது என்றால் ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள்.

கேபின் மவுண்ட் ரப்பர்களைப் புதிதாகவே போடுங்கள். போல்ட்டுகளை முழு டார்க்குக்கு இறுக்கி, இரண்டு கதவு வாசல்களிலும் மூலைவிட்டங்களை அளந்து இடமும் வலமும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 மிமீக்கு மேல் போனால் கீலைத் தொடாதீர்கள். முதலில் மவுண்ட்டில் ஷிம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், முன்பு யாரோ ராக்கரையோ (கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்) கேபின் மூலையையோ, வாசல் வளையாதபடி முட்டுக் கம்பி வெல்டு செய்யாமல் வெட்டி மாற்றியிருக்கலாம். அந்த வெல்டைப் பிரித்துச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

கேள்வி: கதவின் பின்முனை தொங்குகிறது. சாத்தினால் மட்டும் தானாக மேலேறிச் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. கதவைத் தூக்கிப் பிடிப்பது ஸ்ட்ரைக்கர், அதாவது கதவு லாக் போய் மாட்டும் கேபின் பக்கத்துக் கொண்டி. சாத்தும் ஒவ்வொரு முறையும் லாக்கும் கீலும் தேயும். கீல் வேலை செய்யும்போது ஸ்ட்ரைக்கரை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கதவு எங்கே தொங்குகிறது என்ற உண்மை தெரியாது.

கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் கீலின் அச்சாணியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றாமல் போல்ட்டைத் தளர்த்தி இழுத்து வைப்பது சில வாரம்கூடத் தாங்காது. ஆட்டம் இல்லையென்றால் மேல் கீலை முன்னோக்கி நகர்த்துங்கள், அல்லது கீழ்க் கீலுக்குப் பின்னால் ஷிம் வைத்துக் கதவின் அடியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இரண்டிலும் பின்முனை மேலேறும். ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் தளர்த்துங்கள், அதுவும் கதவு தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும். இரண்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் தொடங்கிய இடமே தொலைந்துவிடும்.

முதலில் கதவின் பின் விளிம்புக்கும் கேபினுக்கும் உள்ள இடைவெளி, அடுத்து ராக்கர். முன் விளிம்பை இப்போது கவனிக்க வேண்டாம், அதை மட்கார்டு வந்து சரிசெய்யும். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், லாக் எல்லாம் கதவுக்குள் இருக்கும்போதுதான் இறுதி அளவு. வெறுங்கூட்டை வைத்துப் பொருத்தினால், எடை ஏறியதும் பின்முனை மறுபடி இறங்கும்.

கேள்வி: மேலே சமமாக இருக்கிறது, கதவின் அடிப்பகுதி மட்டும் வெளியே துருத்துகிறது.

கதவு முறுக்கியிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவின் மேல் பின்மூலைக்கும் கேபினுக்கும் நடுவே துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, கீழ் மூலையை உள்ளே அழுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் கட்டையை எடுத்துச் சாத்திப் பாருங்கள்.

அதற்கு முன் பீடிங்கை (கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை) கழற்றி ஒருமுறை சாத்திப் பார்ப்பது நல்லது. புது பீடிங் கடினமாக இருக்கும், கதவையே வெளியே தள்ளும். பீடிங் இல்லாமல் கதவு சமமாக உட்கார்ந்தால் முறுக்கு வேலை வேண்டாம். பீடிங்கைப் போட்டு, கதவைச் சில நாட்கள் சாத்தியே வையுங்கள்.

கேள்வி: எத்தனை மிமீ இடைவெளி வைக்க வேண்டும்?

4 முதல் 5 மிமீ. அந்தக் கால பிக்அப்கள் தொழிற்சாலையிலிருந்தே சீரில்லாமல் வந்தவை. 5 மிமீ மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடினால் கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரியும், 3 மிமீயில் தொடங்கி 5 மிமீயில் முடிந்தால் கோணலாகத்தான் தெரியும். ஒவ்வொரு விளிம்பிலும் ஏறும் பிரைமர், பெயின்ட், கிளியர் கோட் சேர்ந்து இடைவெளியில் அரை மிமீவரை சாப்பிடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே மேலே 3 மிமீ, கீழே 8 மிமீ. கதவைத்தான் மாற்ற வேண்டுமா?

கதவைத் தொடாதீர்கள், கோளாறு வண்டியின் மூக்கில் இருக்கிறது. ரேடியேட்டர் சப்போர்ட் (முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம்) உயர்ந்தால் மட்கார்டின் முன்பகுதி எழும்பி, அதன் மேல்முனை பின்னால் சாய்ந்து கதவை நெருக்கும், அடி விலகும். சப்போர்ட்டுக்கு அடியில் உள்ள ஷிம்மைக் குறையுங்கள். மேலே அகலம், கீழே நெருக்கம் என்றால் ஷிம்மைக் கூட்டுங்கள்.

மட்கார்டின் எல்லா போல்ட்டுகளையும் கையிறுக்கமாக விட்டுத் தொடங்குங்கள். டேப் சுற்றிய 5 மிமீ பட்டைகளை இடைவெளியில் செருகி, முதலில் முன் கண்ணாடியோரம் உள்ள மேல் பின்பக்க போல்ட், பிறகு ராக்கர் பக்கத்துக் கீழ் போல்ட், அடுத்து ரேடியேட்டர் சப்போர்ட் என இறுக்குங்கள். உள் மட்கார்டு கடைசியில். அதை முதலில் இறுக்கினால் வெளித் தகட்டை இழுத்துவிடும். கதவை முழுவதும் திறக்கும் முன் விளிம்பைப் பார்த்தபடி மெதுவாக நகர்த்துங்கள். திறக்கும்போது கதவின் முன் விளிம்பு மட்கார்டுக்குப் பின்னால் உள்ளே போகும், இடைவெளி போதாவிட்டால் இரண்டு தகடும் கடித்துக்கொள்ளும்.

கேள்வி: பானட்டின் பின்மூலைகள் தூக்கியே நிற்கின்றன.

கீல் ரிவெட்டுகள் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் பானட்டை மேலே தள்ளும். கீல் நன்றாக இருந்தால், பானட்டுக்கும் கீலுக்கும் நடுவே முன் போல்ட்டில் ஒரு வாஷர் வையுங்கள், பின் விளிம்பு இறங்கும். முன்மூலை உயரத்தை ரப்பர் திருகுகளால் வையுங்கள். கீல்களுக்கு எண்ணெய் விடாமல் பானட்டை அழுத்திச் சாத்தாதீர்கள், இறுகிப்போன கீல் நடுவில் தகட்டையே மடித்துவிடும். முதல் சில முறை லாட்ச் இல்லாமலே சாத்துங்கள். கோணலாக மாட்டிக்கொண்ட பானட்டைத் திறப்பது பெரும்பாடு.

கேள்வி: புதிதாக வாங்கிய தகட்டின் விளிம்பு குட்டையாக இருக்கிறது. பட்டி வைத்து நீட்டலாமா?

விளிம்பில் பட்டி நிற்காது, கதவு அதிர்ந்தாலே உதிரும். 2 அல்லது 3 மிமீ இரும்புக் கம்பியை விளிம்போடு வைத்து, புள்ளிப்புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வெல்டு செய்து அரத்தால் சீவுங்கள். இடைவெளி நெருக்கமாக இருந்து விளிம்பைத் தேய்க்க நேர்ந்தால் கவனம்: விளிம்பில் வெளித் தகடு உள் தகட்டின் மேல் மடிந்திருக்கும் மடிப்பு திறந்துகொண்டால் உள் தகடும் வெளித் தகடும் பிரியும், மறுபடி வெல்டு வைக்க வேண்டிவரும். இதையெல்லாம் பெயின்டுக்கு முன்பே முடியுங்கள். முடிந்ததும் கீலையும் அது மாட்டிய கேபின் தூணையும் சேர்த்து 3 மிமீ துளை இரண்டு போடுங்கள். பெயின்டுக்குப் பிறகு அதே துளைகளில் டிரில் பிட்டைச் செருகினால் கீல் பழைய இடத்திலேயே உட்காரும்.

கேள்வி: தொட்டியை எப்படி நேர்படுத்துவது?

1967–72 செவ்ரலே சி10 ஃபிளீட்சைடு போன்ற வண்டிகளில் பக்கவாட்டுக் கோடு மட்கார்டிலிருந்து கதவு வழியாகத் தொட்டிவரை ஓடுகிறது. அந்தக் கோட்டில் நூல் பிடித்து, சேஸுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள கட்டைகளால் உயரத்தை வையுங்கள். போல்ட் இறுக்கும் முன் தொட்டியின் மூலைவிட்டங்கள் 3 மிமீக்குள் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டெயில்கேட் ஒருபக்கம் உரசும், மறுபக்கம் வாய் பிளக்கும். கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே 5 மிமீ வைக்கும் ஆசை வேண்டாம். ஓடும்போது சேஸ் முறுக்கும், இரண்டும் தனித்தனியாக அசையும். சுமார் 25 மிமீ விட்டு, இருபுறமும் அது சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.