விதைக்கு விட்ட காய்

அன்புள்ள ஐயா,

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தோட்ட மன்றம் தொடங்கப்போகிறேன். கடையில் வீரிய ஒட்டு விதைப் பாக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். எதை முதலில் போடலாம்? சோதனைக்கு ஊன்றிய விதைகளைப் பிள்ளைகள் தினமும் தோண்டிப் பார்க்கிறார்கள், எப்படித் தடுப்பது? சிறந்த பாத்திக்குப் பரிசு தரலாமா? வேலிக்குப் பணமில்லை.

க.

அன்புள்ள க.,

தோண்டுவதை ஏன் தடுக்க வேண்டும்? முதலில் வேர் கீழே இறங்குகிறது, அப்புறம்தான் முளை மேலே வருகிறது என்பதை அந்தப் பிள்ளை வேறு எப்படிப் பார்க்கும்? தோண்டுவதற்கென்றே ஒரு மூலையில் தட்டைப்பயறு ஊன்றிவையுங்கள். வேலிக்குக் கருவேல முள் போதும். பரிசு வேண்டவே வேண்டாம். ஒருவன் செடியில் பூச்சி விழுந்தால் வகுப்பே கவலைப்பட வேண்டும். பரிசு வைத்தால் பக்கத்துப் பாத்திக்காரன் சந்தோஷப்படுவான்.

அந்தப் பாக்கெட்டுகளை நினைத்தால்தான் கோபம் வருகிறது. கடை விதைகள் பலவற்றில் பூஞ்சாணக் கொல்லி தடவி, அடையாளத்துக்கு இளஞ்சிவப்போ நீலமோ ஏற்றியிருப்பார்கள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பிள்ளைகள் அவர்கள். வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க வேண்டாமா, அம்மா? மருந்து போட்ட விதையை அவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. வீரிய ஒட்டு விதை என்பது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. அந்தச் செடியிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி போல வராது. அப்படியானால் ஒவ்வொரு ஜூன் மாதமும் நீங்கள் கடைக்குத்தான் போக வேண்டும். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் இது. உங்கள் கடிதத்தைக் கண்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அப்பாயி வெண்டைச் செடியில் நன்றாகத் திரண்ட காய் ஒன்றில் பழைய துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார். விதைக்கு விட்ட காய் என்று அர்த்தம். ஐப்பசி அடைமழையில் குழம்புக்குக் காய் கிடைக்காத நாளிலும் அதில் யாரும் கைவைக்க முடியாது. அது முற்றிக் காய்ந்து வெடிக்கிற பருவத்தில் பறித்து, விதையைச் சாம்பலில் பிசறிச் சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார். புகை படுகிற இடத்துக்கு வண்டு வராது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆடி பிறந்ததும் வந்து ஒரு கை வாங்கிப்போவார்கள். அவர்கள் வீட்டு அவரை விதை எங்களுக்கு வரும். அப்படிப்பட்ட வீடுகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கடை விதையைக் கொடுத்து, இதுதான் விவசாயம் என்று சொல்லப்போகிறீர்களா?

ஊரில் வயதான பெண்கள் இருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் விதை கேளுங்கள். ஜூனில் வெண்டை ஊன்றினால் காலாண்டு விடுமுறைக்கு முன்பே விதைக்காயைக் குறித்துவிடலாம். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழிப் பனியில் காய்க்கும், முழு ஆண்டுத் தேர்வுக்குள் நெற்றாகிவிடும். ஒரு வெண்டைக்காயை உடைத்தால் நாற்பது, ஐம்பது விதை இருக்கும். ஒன்று போட்டவனுக்கு எத்தனை காய், அதில் எத்தனை விதை என்று அவர்களே எண்ணட்டும். 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடம் சொல்லித்தரக் கேட்டாரே, அந்தக் கணக்கு இதுதான். எண்ணிய விதையைச் சாம்பலோடு பொட்டலம் கட்டி, வளர்த்த பிள்ளையின் பெயரை எழுதி, ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளையிடம் அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பூசணி, சுரை வேண்டாம். பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும்.

சரி, எதை முதலில் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். வெண்டை, அவரை, அவை காய்க்கும்வரை பிள்ளைகள் பொறுத்திருக்க ஒரு பாத்தி அரைக்கீரை. கீரை விதை பொடிசு, மணலோடு கலந்து தூவுங்கள். ஒரு மாதத்துக்குள் கிள்ளிச் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிடலாம்.