சாரதிகளின் சமாதானம் பயணியைக் கட்டுப்படுத்தாது

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வீட்டிலிருந்து சாரிச் சட்டை தைத்துக் கொடுப்பது என் தொழில். எட்டு மாதங்களுக்கு முன் அக்காவின் கணவர் ஓட்டிய காரில், பின் ஆசனத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஹவ்லொக் வீதியில் ஓர் ஒழுங்கையிலிருந்து வேகமாக வெளியே வந்த வேன் மோதி, என் வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள், கத்தரிக்கோலை இன்னும் இறுகப் பிடிக்க முடியவில்லை. அன்றே பொலிஸ் நிலையத்தில் அத்தானும் வேன் சாரதியும் பேசி முடித்துவிட்டார்கள். காருக்கு ஏற்பட்ட சேதத்திற்குக் காப்புறுதிப் பணமும் வந்துவிட்டது. இப்போது வேன் தரப்புக் காப்புறுதியிலிருந்து ஒருவர் வந்து, 60,000 ரூபாய் தருவதாகவும் ஆங்கிலத்தில் உள்ள ஒரு பத்திரத்தில் கையெழுத்திடும்படியும் கேட்கிறார். "வாகனக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள், நீங்கள் பயணிதானே" என்கிறார். எனக்கென்று தனியாக உரிமை உண்டா? வழக்கு என்று போனால் அத்தான் மீதும் போட வேண்டி வருமா?

பதில்: முதலில், அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிடுங்கள். இத்தகைய பத்திரங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இந்த விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, இதுவே முழுமையும் இறுதியுமான தீர்வு என்று. நாளை அந்தத் தகட்டைக் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும், கை பழைய நிலைக்குத் திரும்பாது என்று வைத்தியர் சொன்னாலும், அந்த ஒரு வரி உங்கள் வாயை அடைத்துவிடும். ஆங்கிலம் விளங்காமல் கையெழுத்திட்டேன் என்று பிறகு வாதாடலாம்தான். ஆனால் அது ஏறுவதற்குக் கடினமான படி.

அந்த மனிதர் சொன்னதில் "நீங்கள் பயணிதானே" என்பது மட்டும் உண்மை. அதுவே உங்கள் பலம். வாகனங்கள் மோதும்போது சாரதிகள் ஒருவர் மீது ஒருவர் பழி போடுவார்கள். பின் ஆசனத்தில் இருந்தவர் மீது பழி போடுவது அரிது. நமது நாட்டில் இந்த விடயத்தை ஆளுவது உரோம டச்சுச் சட்டம். ஒருவரின் கவனயீனத்தால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால், அந்த நட்டத்தை அவர் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அத்தானும் வேன் சாரதியும் பேசி முடித்தது அவர்கள் இருவரின் வாகனங்களைப் பற்றி. உங்கள் மணிக்கட்டைப் பற்றிப் பேரம் பேச அவர்களில் எவருக்கும் நீங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை. ஆகவே அந்தச் சமாதானம் உங்களைக் கட்டுப்படுத்தாது. காப்புறுதிக்காரர் இடத்துக்கு வந்து படம் பிடித்து வாகனச் சேதத்தைத் தீர்த்துவிட்டால் விபத்தே முடிந்துவிட்டது என்று கொழும்பில் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. தகரம் திருத்தியாகிவிட்டது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

யாரிடம் கேட்பது? வேன் சாரதியிடமும், அவர் சம்பளத்துக்கு ஓட்டுபவராக இருந்து வேலை நிமித்தம் ஓட்டியிருந்தால் வேன் உரிமையாளரிடமும். உரிமையாளர் என்பதாலேயே ஒருவர் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. சாரதி அவருடைய ஊழியராகவோ, அவருடைய காரியத்துக்காக ஓட்டியவராகவோ இருக்க வேண்டும். நடைமுறையில் பணம் வர வேண்டியது காப்புறுதி நிறுவனத்திடமிருந்து. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கூட எடுக்க முடியாது. வேனைப் பொறுத்தவரை நீங்கள் தெளிவான மூன்றாம் தரப்பு. அந்தக் காப்புறுதி உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கக் கூடாது. வழக்குத் தொடுக்கும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது தவறினால், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் நிறுவனம் கையை விரித்துவிடும்.

இனி அத்தான். உங்கள் கேள்வியில் உண்மையில் கனக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வேன் மீது மட்டும் வழக்குப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அத்தானைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்புச் சும்மா இருக்காது. "கார்தான் வேகமாக வந்தது" என்று சொல்லும். அப்படி அத்தானிடமும் பாதித் தவறு இருந்தது என்று நீதிமன்றம் கண்டால் என்ன ஆகும்? சாரதியின் தவறு பயணியின் தவறாகிவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பலர் சேர்ந்து இழைத்த தவறுக்குப் பொறுப்பை அவர்களுக்கிடையே பங்கிட வழி செய்கிறது. ஆகவே, அத்தானிடமும் தவறு இருக்கக்கூடும் என்று தோன்றினால் இருவரையும் ஒரே வழக்கில் எதிராளிகளாகச் சேர்க்கும்படி சட்டத்தரணி சொல்லலாம். அதைக் கேட்டு வீட்டில் புயல் கிளம்பும். நம் குடும்பங்களில் நீதிமன்றத்தில் பெயர் வருவது கை முறிவதை விடப் பெரிய விடயம். அத்தானின் காப்புறுதி பயணிகளையும் உள்ளடக்கியிருந்தால், அவர் பெயர் வழக்கில் வந்தாலும் பணம் அவருடைய சட்டைப்பையிலிருந்து போகாது என்பதை அக்காவுக்கு விளக்கலாம். உள்ளடக்கியிருந்தால் என்று அழுத்திச் சொல்கிறேன். தனியார் காரில் வாடகையின்றி ஏறிய உறவினருக்கு மலிவான மூன்றாம் தரப்புக் காப்புறுதி பொருந்தாமல் போவது உண்டு. அத்தானின் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி, பயணிகள் பற்றிய பகுதியை வாசித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

எதிர்த்தரப்பு உங்கள் மீதும் ஒரு பங்கைச் சுமத்தப் பார்க்கலாம். சீட் பெல்ட் அணிந்திருந்தீர்களா என்பது வழக்கமான கேள்வி. முன் ஆசனத்தில் அது 2011 முதல் கட்டாயம். பின் ஆசனத்தில் இருந்தவரின் மணிக்கட்டு முறிவுக்கும் பெல்ட்டுக்கும் தொடர்பு உண்டா என்பது வைத்தியர் சொல்ல வேண்டியது. சாரதி குடித்திருக்கிறார் என்று தெரிந்தே ஏறியிருந்தால் அது வேறு விடயம், அங்கே பயணியின் நட்டஈடு குறையக்கூடும்.

சாட்சியங்களுக்கு வருவோம். பொலிஸ் பதிவில் உங்கள் வாக்குமூலம் இருக்கிறதா? இப்படிப்பட்ட சமாதானங்களில் பல வேளை பயணியிடம் எவரும் கேட்பதே இல்லை. இல்லை என்றால் விபத்து நடந்த பிரிவின் பொலிஸ் நிலையத்துக்குப் போய், போக்குவரத்துப் பிரிவில் இப்போதாவது கொடுங்கள். எட்டு மாதம் கழித்து ஏன் என்று கேட்பார்கள். வைத்தியசாலையில் இருந்தேன், என்னிடம் எவரும் வாக்குமூலம் பெறவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். தமிழில் சொல்லவும் தமிழில் பதியப்படவும் கேட்கத் தயங்க வேண்டாம். அரச அலுவலரோடு தமிழில் காரியம் பார்க்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று இல்லை என்று சொல்லி, சிங்களத்தில் எழுதியதைக் கையெழுத்துக்கு நீட்டினால், வாசித்து மொழிபெயர்த்துக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். "பெரிய காயம் இல்லை" என்ற மாதிரி ஒரு சொல் அதில் நுழைந்துவிட்டால் பிறகு ஆயிரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பதிவின் பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பக்கத்தில், வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம், மருந்துச் சிட்டைகள் எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை அறிக்கை மிகவும் பெறுமதியானது. பொலிஸார் அதற்கான படிவத்தைத் தருவார்கள். முன்பே தரவில்லை என்றால் வாக்குமூலம் கொடுக்கும்போது கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவுக் கணக்கே இல்லை என்று எண்ண வேண்டாம். களுபோவிலைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் போய்வந்த முச்சக்கரவண்டிக் கூலி, வெளியில் வாங்கிய மருந்து, பிசியோதெரபி, வீட்டு வேலைக்கு வைத்த ஆளின் சம்பளம் எல்லாம் கோரலாம். இவை தவிர வலிக்கும் வேதனைக்கும், கையின் இயல்பான பயன்பாடு குறைந்ததற்கும் தனியாக நட்டஈடு உண்டு. அதற்கு அட்டவணை எதுவும் கிடையாது, நீதிபதிதான் மதிப்பிடுவார். எனவே "மணிக்கட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்" என்று எவரேனும் தொகை சொல்லி உறுதி தந்தால் நம்பாதீர்கள்.

உங்கள் வழக்கின் பெறுமதி பெரும்பாலும் இழந்த வருமானத்தில்தான் இருக்கும், அங்கேதான் உங்களைப் போன்ற சுயதொழில் செய்பவர்கள் வழுக்குகிறார்கள். சம்பளச் சிட்டை இல்லை, வரிக் கோப்பு இல்லை. உடனே நம்மவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்து நிற்பார்கள். மாதம் இவ்வளவு உழைக்கிறார் என்று அவர் எழுதினாலும், அவர் உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர் அல்லர். குறுக்கு விசாரணையில் அந்தக் கடிதம் ஐந்து நிமிடம் தாங்காது. நீங்கள் அளவு எழுதி வைத்த கொப்பி அதை விட நூறு மடங்கு மேல். எந்தத் திகதியில் யாருக்கு எத்தனை சட்டை, கூலி எவ்வளவு என்பது அதில் இருக்கும். விபத்துக்கு முந்திய ஒரு வருடத்துக் கொப்பியையும் பிந்திய மாதங்களின் வெறும் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், கதை தானாக விளங்கும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கலியாண மாதங்களுக்கும் வழமையாக வரும் தையல் இந்த முறை யாரிடம் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஓடர்கள், "கை சுகமில்லை" என்று நீங்கள் திருப்பி அனுப்பிய செய்திகள், வங்கியில் போட்ட பணம், துணி நூல் வாங்கிய சிட்டைகள் எல்லாமே உதவும். நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லத் தயாரான இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தொகையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மாதம் 45,000 உழைத்தவர் ஒரு இலட்சம் என்று சொல்லி அகப்பட்டால், வலியைப் பற்றிச் சொன்னதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

காலம் பற்றி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். எட்டு மாதம் போய்விட்டது. காப்புறுதி நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பது சிலருக்குப் பழகிய வேலை. சிறு தொகைக் கோரிக்கை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் போக முடியும். அதற்கும் மாதங்கள் பிடிக்கும். இறுதி மாதம் வரை பொறுத்திருக்க வேண்டாம். வழக்கு, விபத்து நடந்த இடத்துக்கோ எதிராளி வசிக்கும் இடத்துக்கோ உரிய மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டியது. அங்கே வருடக்கணக்கில் இழுபடலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வழக்குப் பதிந்த பிறகு காப்புறுதி நிறுவனம் முன்வைக்கும் தொகை, வீட்டுக்கு வந்தவர் சொன்ன 60,000 ஆக இருப்பது அரிது.

வேன் சாரதி மீது பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்களா என்று கேட்டு அறியுங்கள். அங்கே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவு உங்கள் சிவில் வழக்குக்குப் பலம். தண்டப்பணம் அரசுக்குத்தான் போகும். எனினும் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதவான் உத்தரவிட முடியும், பாதிக்கப்பட்டவர் சார்பில் சட்டத்தரணி தோன்றவும் சட்டம் இடம் தருகிறது. சாரதி விடுதலையானால் மனம் தளர வேண்டாம். குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும், சிவில் வழக்கில் எது கூடுதல் நிகழ்தகவு என்பதே போதும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு குறிப்புகள். செயலி மூலம் அழைத்த வாடகைக் காரில் அடிபட்டால் பயண விபரம் உள்ள திரையை உடனே படம் பிடித்து வையுங்கள். வாகனம் வாடகைக்கு ஓடக் காப்புறுதி செய்யப்பட்டதா என்பதே அங்கே முதல் கேள்வி. வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ அடிபட்ட தொழிலாளர்களுக்கு, 2022இல் திருத்தப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் வழி உண்டு. ஆனால் ஒரு வழியைத் தேர்ந்தால் மற்றது மூடப்படக்கூடும் என்பதால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே சட்டத்தரணியைக் கேளுங்கள்.

சகோதரி, இந்த வாரமே செய்ய வேண்டியது, ஆவண உறையோடும் அந்தப் பத்திரத்தின் படத்தோடும் ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பது. கட்டணம் கட்ட வசதி இல்லை என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்துத் தகுதி இருந்தால் இலவசமாக வழக்காடித் தருவார்கள். போகும்போது வேனின் இலக்கத்தையும், பொலிஸ் பதிவில் குறித்திருக்கும் காப்புறுதிச் சான்றிதழ் இலக்கத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளர் யார் என்பதை நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொண்டே அறியலாம்.