6.15க்குப் பிறந்த பிள்ளைக்கு எந்த லக்கினம்?

கேள்வி: மகள் 1998 ஆகஸ்ட் 15 காலை 6.15க்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். சாத்திரியார் எழுதிய குறிப்பில் கடக லக்கினம். கலியாணத் தரகர் கொண்டுவந்த கொம்பியூட்டர் குறிப்பில் சிம்மம். எது சரி? மாப்பிள்ளை லண்டனில், 1997 யூலையில் பிறந்தவர்.
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கடகம்தான் அம்மா. லக்கினம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கிற இராசி, ஆகவே மணிக்கூடு பிழைத்தால் அதுவும் பிழைக்கும்.

1996இல் இலங்கையில் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபர் 26 அன்று பாதியைக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே கிடந்தது. வெள்ளைக்காரன் கோடைக்கு மாற்றினால் குளிருக்குத் திருப்பிவிடுவான். நம்மவர்களுக்குப் பத்து வருடம் பிடித்தது.

ஆகவே ஆஸ்பத்திரியில் எழுதிய 6.15, பழைய நேரப்படி 5.45. அன்று மட்டக்களப்பில் சூரிய உதயம் பழைய நேரத்தில் ஏறத்தாழ 5.57. பிள்ளை விடியமுன் பிறந்திருக்கிறது, அந்த நேரத்துக்குக் கடகம். 6.15ஐப் பழைய நேரமென்று எடுத்ததால்தான் சிம்மம் வந்திருக்கிறது. கலண்டரில் சனி, பஞ்சாங்கக் கணக்கில் இன்னும் வெள்ளி. ஒரு இராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கிற நவாம்ச லக்கினம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், அதுவும் இரண்டு கட்டம் தள்ளிப் போயிருக்கும்.

தரகர் ‘பொருத்தம் இத்தனை’ என்ற தாளை மட்டும் நீட்டுவார். பிறந்த விபரம் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, நேர வலயம் என்ற இடத்தைப் பாருங்கள். கிரீன்விச் நேரத்துக்கு எத்தனை மணித்தியாலம் முந்தி என்பதுதான் அது; பழைய நேரத்துக்கு 5.30, புதிய நேரத்துக்கு 6.00. 5.30 என்றிருந்தால் பிறந்த நேரம் 5.45 என்று இருக்கவேண்டும். 6.00 என்றிருந்தால் 6.15 என்றே இருக்கவேண்டும். 5.30உம் 6.15உம் சேர்ந்திருந்தால் குறிப்புப் பிழை. உங்களுக்கு வந்தது இதுதான். 6.00உம் 5.45உம் என்றால் கையால் ஒருதரம், கொம்பியூட்டரால் ஒருதரம் என இரண்டுமுறை கழித்திருக்கிறார்கள். அதுவும் குப்பைதான். காசு வாங்குகிறவர்கள் இதைக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு விலக்கு உண்டு, கவனமாக வாசியுங்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் மணிக்கூட்டை மாற்றவில்லை. அந்தக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் வீட்டிலே பிறந்த பிள்ளைக்குச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அது பழைய நேரம், கழிக்கவே கூடாது. அதே தாயைத் துறை தாண்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் கழிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தும், கொப்பியில் எழுதிய அப்பப்பா தானே கழித்து எழுதியிருக்கலாம். ஊரைக் கேட்டால் போதாது; எந்த மணிக்கூடு, யார் எழுதியது என்று கேளுங்கள். பழைய நேரமா புதிய நேரமா என்று விசாரிக்காமல் கட்டம் போடுகிறவரிடம் போகவேண்டாம்.

மாப்பிள்ளைக்கு: 1997இல் லண்டனில் கோடை நேரம் மார்ச் 30 முதல் ஒக்டோபர் 26 வரை. யூலைப் பிறப்பு என்பதால் அங்கு எழுதிய நேரத்தில் ஒரு மணித்தியாலம் கழித்து, நேர வலயம் 0 என்று போடவேண்டும். அல்லது கழிக்காமல் 1.00 என்று போடவேண்டும். இலங்கை நேரத்துக்கு மாற்றத் தேவையே இல்லை. தரகர்மார் பழக்கதோசத்தில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி, பிறந்த ஊருக்குக் கொழும்பு என்றும் போட்டுவிடுவார்கள். அப்படி வந்த குறிப்பைத் திருப்பிக் கொடுத்து, காசையும் திருப்பிக் கேளுங்கள்.