சென்னையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைத் தேடுவது எப்படி?

நீங்கள் வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுப்பில் வருகிறவர் என்று நினைக்கிறேன். பெயர் தெரியும், ஏரியா தெரியும், நேரே போய் வரிசை வரிசையாகப் பார்த்தால் கிடைத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படி நினைத்துத்தான் நானும் நாலு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்தேன்.

என் அப்பாவின் தாத்தா பெயர் ராயப்பன். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வடசென்னையில் ஒரு பழைய தோட்டத்தில் அடக்கம். எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை, காரணம் கடைசியில் புரியும். குடும்பத்தில் மிஞ்சியிருந்த தகவல் மூன்று. மூன்றும் அத்தை சொன்னவை: பெயர் ராயப்பன், அவருடைய அப்பா இன்னாசி, செத்தது "குண்டு போட்ட வருஷம்". இடம் கேட்டால், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்றார். அங்கே வேப்பமரத்துக்கா பஞ்சம்?

முதலில் கற்களை நம்பினேன். நம்பாதீர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பெயின்டர்கள் டப்பாவோடு உள்ளே வருவார்கள். சிலுவைக்கு வெள்ளை, பெயருக்குக் கறுப்பு, கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. தேய்ந்துபோன எழுத்தை அவர் எப்படிப் படிக்கிறாரோ அதுதான் அடுத்த வருடம் வரைக்கும் அந்த ஆளின் பெயர். விரலால் தடவிப் பார்த்தால் சூசையம்மாள், கண்ணால் பார்த்தால் குழந்தையம்மாள். இப்படி ஒரு கல்லை நானே தடவிப் பார்த்தேன். பெயின்டரைக் குறை சொல்லவில்லை, வெயிலில் குனிந்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கல்லை விட்டுவிட்டுக் கத்தோலிக்கக் கோவிலின் அடக்கப் பதிவேட்டுக்குப் போனேன். அங்கே போவதற்கு முன் உங்கள் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் போய் ஒரு அலுவலகத்தில் பட்ட பாட்டை எழுதினால் பதில் நீளும். இன்னொன்று, 1952 வரை இந்த ஊரில் கத்தோலிக்கர்களுக்கு இரண்டு ஆயர்கள். மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துகீசியர் கையில், சென்னை உயர்மறைமாவட்டம் தனி. அந்த வருடம்தான் ஒன்றாக்கினார்கள். அதனால் உங்கள் ஆள் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலின் பதிவேட்டில்தான் இருப்பார் என்று கட்டாயம் இல்லை.

நான் எடுத்தது 1942, 1943. குண்டு போட்ட வருஷம் என்றால் வேறு எது? 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானது, 1943-ல் துறைமுகம் பக்கம் குண்டும் விழுந்தது. இரண்டு வருடப் பக்கங்களிலும் ராயப்பன் இல்லை. மூன்றாவது தடவை போனபோது, கோவிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தைக்கு என்ன வயசு தம்பி?"

"முப்பத்தாறுல பிறந்தவங்க."

"தாத்தாவ அவங்க பார்த்திருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்போ அவங்க பிறக்கறதுக்கு முந்தின குண்டு."

எம்டன்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ராயபுரத்துக் கிழவிகள் வாயில் அது தலைமுறை தாண்டி ஓடிய கதை. அத்தை தன் அப்பா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார், நான்தான் வேறு குண்டைப் பிடித்துக்கொண்டேன்.

1914 பதிவேட்டை எடுத்தேன். எல்லாம் லத்தீன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தேன், ராயப்பன் இல்லை. பெரியவர் மறுபடியும் கேட்டார்.

"ராயப்பர்னா யாரு?"

"எங்க கொள்ளுத்தாத்தாங்க."

"ராயப்பன் இல்ல தம்பி. ராயப்பர்."

பேதுரு. இயேசுவின் சீடர் பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் பெயர் ராயப்பர். ராயப்பர் கோவிலால்தான் ராயபுரத்துக்கு அந்தப் பெயர் என்று கேட்டே வளர்ந்தவன் நான். அதே கோவிலை செயின்ட் பீட்டர்ஸ் என்று ஆட்டோக்காரரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு உறைக்கவில்லை. டிசம்பர் பக்கத்தில் இருந்தார்: "பெத்ருஸ், ஃபிலியுஸ் இக்னாசியி". இன்னாசி மகன் ராயப்பன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சாமியார் எழுதியிருக்க மாட்டார். சின்னப்பன் என்றால் பவுலுஸ், அருளப்பன் என்றால் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், சவரிமுத்து சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ். அப்பா பெயரையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மூன்று பெத்ருஸ் வருவார்கள். நான் லத்தீன் படித்தவன் இல்லை, மொழி அறிஞர்கள் பின்னூட்டத்தில் பிரம்போடு வர வேண்டாம். சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு இது பொருந்தாது என்பதும் தெரியும்.

உங்கள் வழியில் ஆங்கிலோ இந்தியர், வெள்ளைக்காரர் யாராவது இருந்தால் வேலை சுலபம். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' வரிசையில் இருக்கிறது. கல்லறை வாசகங்களையே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் தொகுத்துவிட்டார். ஆனால் அங்கேயும் கல் ஏமாற்றும். கோட்டைக்குள் செயின்ட் மேரிஸ் கோவிலைச் சுற்றித் தரையில் பதித்திருக்கிறார்களே, அந்தக் கற்களுக்கு உரியவர்கள் அங்கே இல்லை. அவர்களைப் புதைத்தது பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கம். 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைப்பாக வைத்துக்கொண்டதால், பிற்பாடு ஆங்கிலேயர் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இந்தத் தேடலை ஆரம்பித்து வைத்தது கனடாவில் இருக்கும் என் பெரியப்பா மகன். எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பி டி.என்.ஏ. பார்த்தவர். தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு "கிடைத்ததா?" என்று ஒரு குறுஞ்செய்தி. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். மறுநாள் குடும்பக் குழுவில் "என் நீண்ட ஆய்வின் பயனாக" என்று ஆரம்பித்து அதே படம். ஓரத்தில் என் கட்டைவிரல்! இருபத்தெட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஆட்டோ காசு யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பணத்துக்காகச் சொல்லவில்லை.

அப்புறம் தோட்டம். அடக்கத் தேதி கையில் இருந்ததால், தோட்டத்துப் பேரேட்டில் பகுதியும் எண்ணும் கிடைத்தன. போய் நின்றால் பளபளவென்று கறுப்பு கிரானைட், 1998-ல் இறந்த ஒருவரின் சிரித்த முகம். ஊருக்குள் இடம் கிடையாது, பழைய குழியைத் திறந்து மறுபடி அடக்குவது வழக்கம்தான். கல் நட வசதியில்லாத வீட்டுக்காரர் குழி அவ்வளவு நாள் சும்மா கிடந்ததே அதிசயம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் ஒரு முழம் சாமந்தியும் வாங்கிக்கொண்டு போனேன். கிரானைட்டைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "யாருங்க நீங்க?" என்றார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இது எங்க இடம். ரசீது இருக்கு."

"இடம் கேட்டு வரலைங்க அம்மா. கீழ எங்க கொள்ளுத்தாத்தா இருக்கார், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளியை நகர்த்தினார்.

"சரி, அந்தக் கால்மாட்டுல வெச்சுக்கோங்க. கல்லு மேல மெழுகு ஒழுகாம பார்த்துக்கோங்க, சுரண்டினா கீறல் விழுது."