தனி வகுப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியிருக்கிறான் என்று பள்ளியில் தினமும் முக்கால் மணி நேரத் தனி வகுப்பில் சேர்க்கப்போகிறார்கள். அது நடப்பது விளையாட்டுப் பாடவேளையில். அந்த அறைக்குப் பிள்ளைகள் ‘மக்கு கிளாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். போகமாட்டேன் என்று அழுகிறான். “வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிடுவான், நல்லதுதானே” என்கிறார் கணவர். புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஆனால் நான் கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். அனுப்பலாமா? உண்மையில் இதனால் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால், இந்த வாரமே, கண் பரிசோதனை செய்துவிடுங்கள். புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைப்பதைக் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குக் கண்ணாடி போடாமல் எத்தனை தனி வகுப்பு வைத்து என்ன பயன்? காதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

பயன் உண்டா என்பதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் ‘பால்சகி’ என்றொரு திட்டம் நடத்தியது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகச் சேர்த்து, பள்ளி நேரத்திலேயே தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்ல, பள்ளிப் படிப்பை முடித்த, அக்கம்பக்கத்து இளம்பெண்கள். பின்னாளில், 2019இல், நோபல் பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வேறு இருவருடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் கூடியிருந்தது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. தனியே போன பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். அவர்கள் போனதால் கூட்டம் குறைந்த வகுப்பில் ஆசிரியரோடு இருந்த மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆதாயம் எதுவும் இல்லை. ஆகவே நான் புரிந்துகொண்டவரை, வேலை செய்தது சின்ன வகுப்பு என்பது அல்ல. ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே விட்டுப்போனதை, அது விட்டுப்போன இடத்திலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதனால்தான் உங்கள் கணவர் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப்பாடம் நான்காம் வகுப்புக்கு உரியது. அதை முடிக்கவைக்கும் தனி வகுப்பில், யாரோ விடை சொல்ல அவன் எழுதிக்கொண்டு வருவான். நோட்டு நிறையும். பல டியூஷன்களில் நடப்பதும் இதுதான்.

எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதை அவன் செய்யும் தப்பே காட்டிக்கொடுக்கும். 52இல் 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் கவனக்குறைவு கிடையாது. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போடுகிறான். பிறகு ஐந்தில் மூன்று போக இரண்டு. ‘பெரியதிலிருந்து சின்னதைக் கழி’ என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதைத்தான் விசுவாசமாகச் செய்துகொண்டிருக்கிறான். இவனுக்கு ஐம்பது கழித்தல் கணக்கு கொடுத்தால் அந்தத் தப்பு இன்னும் ஐம்பது முறை உறுதிப்படும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகள் ஐந்து, உதிரிக் குச்சி இரண்டு. இதை முன்னால் வைத்து முப்பத்தேழு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டை எடுப்பான், உதிரி இரண்டையும் எடுப்பான், பிறகு கொஞ்ச நேரம் விழிப்பான். அப்போது குறுக்கே பேசாதீர்கள். கட்டை அவனாகவே அவிழ்க்கட்டும். ‘கடன் வாங்குவது’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். (விரல் விட்டு எண்ணினால் அதட்டவும் வேண்டாம். தேவை தீர்ந்ததும் தானாக விட்டுவிடுவான்.)

வாசிப்பில் உங்கள் மகன் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. சொன்ன கதையை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறவனுக்குப் புரிந்துகொள்வதில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்தை ஒலியாக்குவதில்தான் தாமதம். எழுத்துக் கூட்டிக் கூட்டி வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கணக்குப் பாடத்திலும் இது வேலையைக் காட்டும். ஒரு வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துச் சொல்லிப் பாருங்கள். காதால் கேட்டுச் சரியாகப் போட்டுவிட்டால் அவனுக்கு அந்த இடத்தில் தெரியாதது கணக்கே அல்ல.

தமிழில் இடறுகிறான் என்றால் 247 எழுத்தையும் மறுபடி எழுதவைப்பது நம் பழக்கம். வீண்வேலை. பக்கத்தில் உட்கார்ந்து எந்த எழுத்தில் நிற்கிறான் என்று குறித்துக்கொண்டே வந்தால் அவன் இடறுவது சில வரிசைகளில் மட்டும்தான் என்று தெரியும். துணைக்கால் எல்லா மெய்யோடும் ஒரே மாதிரி ஒட்டுகிறது, ஒன்று தெரிந்தால் கா, மா, பா எல்லாம் வந்துவிடும். உகர, ஊகார வரிசை அப்படி இல்லை. கு, மு, து என்றும் கூ, மூ, தூ என்றும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். கொ, கோ வரிசையில் ஓர் உயிரின் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்துக்கு இருபுறமும் நிற்கும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும். சிலருக்குக் குறில் நெடில் வேறுபாடு. தினமும் கால் மணி நேரம், அந்த வரிசை வரும் சின்னச் சின்ன வாக்கியங்கள், உரக்க. சில மாதங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் அசைவே இல்லை என்றால் டிஸ்லெக்சியாவாக (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) இருக்கலாம், அதற்குரிய நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் தொடர்பில்லை.

இனி அந்த ‘மக்கு கிளாஸ்’. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். விளையாட்டு நேரத்தில் சிலரை மட்டும் பிடித்து அறைக்குள் உட்காரவைத்தால் அது தண்டனை என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். பால்சகிக்குப் பிறகு பிரதம் வளர்த்தெடுத்த முறையில், அதற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் வகுப்பை விட்டு எழுந்து, அவரவர் வாசிப்பு நிலைக்கு ஏற்ற குழுவில் போய் உட்காருவார்கள். கணக்குக்கு வேறு குழு. நிலை மாறினால் குழுவும் மாறும். எல்லோரும் இடம் மாறும்போது யாரை மக்கு என்பது?

தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், விளையாட்டு வேளையைத் தொடாமல், கணக்குப் பாடவேளையில் பாதியைத் தரச் சொல்லுங்கள். மற்றவர்கள் நீள் வகுத்தல் செய்யும்போது அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த நேரம் போவதில் அவனுக்குப் பெரிய நட்டமில்லை.