தாத்தாவின் வீட்டு வரி ரசீதுகளை என்ன செய்வது?

வாசகி கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா வாங்கிய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய வீட்டு வரி ரசீதுகளும், ஒரு கட்டட பிளானும், தண்ணீர் இணைப்பு கேட்டு மாநகராட்சிக்கு எழுதிய மனுவின் நகலும் இருக்கின்றன. அண்ணன் பழைய பேப்பர் கடையில் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இவற்றை வைத்து எங்கள் வீட்டின் கதையை, தெருவின் கதையைத் தேட முடியுமா? யாரைக் கேட்க வேண்டும்?

முடியும். முதலில் அண்ணனிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது; இந்தியாவிலேயே பழையது. ஆனால் உங்கள் தெருவின் கதை ரிப்பன் மாளிகையில் ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. வரிப் பேரேட்டில் கொஞ்சம், பிறப்பு இறப்புப் பதிவேட்டில் கொஞ்சம், மன்றத் தீர்மானங்களில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. அதைத் தேட நூல் முனை ஒன்று வேண்டும். அது உங்கள் பரணில்தான் இருக்கிறது.

ரசீதுகளை எடுத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் ஆண்டு வாரியாகப் பரப்புங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை என்பதால் ஆண்டுக்கு இரண்டு இருக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: யார் பெயர், என்ன கதவு எண், தெருவின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது. பெயர் மாறுகிற இடத்தில் ஒரு விற்பனையோ மரணமோ பாகப்பிரிவினையோ இருக்கும். வரி திடீரென்று ஏறியிருந்தால் மாடி எடுத்திருக்கலாம்; ஊர் முழுக்க வரியை உயர்த்திய வருடமாகவும் இருக்கலாம், அக்கம்பக்கத்து ரசீதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கதவு எண்ணில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சேர்த்து முகவரி எழுதிப் பழகிய ஊர் இது. அதற்கும் முந்தைய எண் ஒன்று உங்கள் தாத்தா காலத்து ரசீதில் இருக்கக்கூடும். தெருப் பெயரும் அப்படித்தான். 1970-களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்கினார்கள். இன்றைய முகவரியைச் சொல்லி 1940-களின் பதிவைக் கேட்டால், அலுவலர் தேடிப் பார்த்துவிட்டு "அப்படி ஒன்றும் இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் தப்பான பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, எங்கே போவது? இப்போது நீங்கள் கட்டும் வரி ரசீதைப் பாருங்கள். வரி எண்ணின் முதல் பகுதி மண்டலம், அடுத்தது கோட்டம். அந்த மண்டல அலுவலகத்தில்தான் தொடங்க வேண்டும். (திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர்கள் 2011 வரை தனி நகராட்சிகள். அதற்கு முந்தைய பதிவுகளை அந்த நகராட்சியின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.)

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "எங்கள் தெருவின் வரலாறு தேவை" என்று எழுதினால் பயனில்லை. இந்தத் தெரு, இந்தப் பழைய எண், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரையிலான வரி விதிப்புப் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று எழுதுங்கள். பார்வையிடும் உரிமை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. தனிநபர் தகவல் என்று மறுத்தால் பிரிவு 8(3)-ஐச் சுட்டிக்காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்த மறுப்பு செல்லாது.

உங்கள் தாத்தாவின் தண்ணீர் மனுவுக்குப் பதில் கடிதம் ஏதாவது பெட்டியில் இருந்தால், அதன் தலைப்பில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். நம் அரசு அலுவலக நடைமுறையில் ஒரு கோப்பை முடிக்கும்போது, அதை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று காட்ட அந்த எண்ணோடு ஓர் எழுத்துப் போடுவார்கள். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒரே ஆண்டு, அப்புறம் அழித்துவிடலாம். குழாய்க்கும் சாக்கடைக்கும் ஜனங்கள் எழுதிய மனுக்களில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்கின்றன. அந்த மனுவின் ஒரே பிரதி இன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். நான் அவசரப்படுவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2015 வெள்ளம் வடிந்த பிறகு ஓர் அலுவலகத்தின் பதிவறைக்குப் போயிருந்தேன். கீழ்த்தட்டில் வரிப் பேரேடுகள் ஊதிப்போய்க் கிடந்தன. ஒன்றின் அட்டையைத் தூக்கினேன். தாள் தாளாகப் பிரியவில்லை, கூழாகக் கையோடு வந்தது. நீல மை விரலில் ஒட்டிக்கொண்டது. எத்தனை தெருக்களின் பெயர் அந்த மையில் இருந்ததோ. அன்றிலிருந்து யாராவது "பழைய ரசீது" என்றால் எனக்குப் பதறுகிறது.

வரிக் காகிதத்தில் என்ன பெரிய வரலாறு என்று அண்ணன் கேட்டால் வால்டாக்ஸ் ரோட்டைக் காட்டுங்கள். 'வால் டாக்ஸ்' என்றால் மதில் வரி. 1758-59-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி ஒரு மதில் கட்டினார்கள். அந்தச் செலவுக்குக் குடியிருப்பவர்களிடம் வரி வாங்கத் திட்டமிட்டார்கள், வசூல் நடக்கவில்லை. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டுதான் மாடிப் பூங்கா. வரியைப் பற்றி எழுதி வைத்த காகிதம் இருப்பதால்தான் அந்தச் சாலைப் பெயருக்கு இன்று நம்மால் பொருள் சொல்ல முடிகிறது. உங்கள் பேட்டையின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். மதிய உணவுத் திட்டத்தின் தொடக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அந்தத் தீர்மானத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

மாநகராட்சி அரசோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைத் தேட வேண்டுமானால் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பதிவுகள் உண்டு. உங்கள் பேட்டையில் சாலை அகலப்படுத்தியது, வடிகால் போட்டது போன்றவற்றுக்கு அரசாணை இருந்தால் அங்கே கிடைக்கும். பழைய நில அளவை வரைபடத்துக்கு சேப்பாக்கம் நில அளவை அலுவலகம்.

பிறப்புப் பதிவைத் தேடும்போது ஒன்று: பழைய பதிவுகளில் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆண், பெண், தகப்பன் பெயர், வீட்டு முகவரி, அவ்வளவுதான். அதற்கும் ரசீதில் உள்ள பழைய கதவு எண்தான் கைகொடுக்கும்.

காகிதங்களைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், காகிதத்தை அதிலிருந்து மெதுவாக நகர்த்தி எடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தில்தான் தாத்தா கணக்கு எழுதியிருப்பார். அப்புறம் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத மேல்தட்டில் வையுங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் வருகின்றனவா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பத்திரமும் பிளானும் சொத்து சம்பந்தப்பட்டவை, அவற்றின் அசலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பெட்டியில் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்ற அச்சுத் தாள்கள் இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

காண்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள், நிலைக்கதவின் மேல் எண் தகடு இருந்தால் வீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.